உடைக்காமல் விட்ட ஒரு பூண்டு

எனக்குப் பேச நேரம் ஒதுக்கியதோடு, தம் கைக்கடிகாரத்தையும் கழற்றி என் கண்ணெதிரே மேசைமேல் வைத்திருக்கும் பூண்டு விளைவிப்போர் சங்கத் தலைவர் அவர்களே! மூன்று பருவம் நட்டத்தையே அறுத்தெடுத்தும், நான்காம் பருவத்துக்கு நிலத்தை உழுது வைத்துவிட்டு இந்த ஏலக்கூடத்தின் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! எத்தனை முறை கழுவினாலும் விரலிடுக்கில் பூண்டு வாடை போகாத பின்வரிசைத் தாய்மார்களே! பேச்சு பிடித்தால் உட்காரலாம், பிடிக்காவிட்டால் நழுவலாம் என்று தூணோரம் நிற்கும் தோழர்களே! ஒலிபெருக்கிக்காரரே, ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், என் குரல் சிறியது. உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மேடை ஏறுகிறவர்கள் தெளிவாக இருக்க வேண்டும் என்பார்கள். தெளிந்தவர்கள் பேச வேண்டும், குழம்பியவர்கள் கேட்க வேண்டும். அதுதான் முறை. இன்று அந்த முறை தலைகீழாகிவிட்டது. குழம்பிப் போன ஒருத்தியை மேலே ஏற்றிவிட்டு நீங்கள் எல்லாரும் கீழே உட்கார்ந்திருக்கிறீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'மனுக்காரி' என்றால் தெரியும். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது?

இரண்டாண்டுக்கு முன் அண்டை நாட்டுப் பூண்டு லாரி லாரியாக வந்து இறங்கியது. அது விளையும் ஊரிலேயே என்ன விலைக்கு விற்கிறதோ, அதைவிடக் குறைத்து இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். நம் பூண்டு கட்டிலுக்கடியில் காய்ந்தது. அப்போதுதான் இந்தச் சங்கம் அரசுக்கு மனுப் போட முடிவு செய்தது. இப்படிக் கொட்டுகிற சரக்குக்குக் குவிப்புத் தடுப்பு வரி என்று ஒன்று உண்டு, அதைக் கேட்டு வாங்குவோம் என்றது. மனு எழுதப் படித்த பிள்ளை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் வந்தேன். இதே முன்வரிசையில் ஒவ்வொருவராகக் கேட்டேன். "நாம விக்கிறது என்ன? சரியாச் சொல்லுங்க, ஒரு வார்த்த தப்பக் கூடாது" என்றேன்.

ஒருவரா, இருவரா? நாற்பது பேர் ஒரே குரலில் சொன்னீர்கள், முழுப் பூண்டு என்று.

எழுதினேன். அடிக்கோடும் போட்டேன். முழுப் பூண்டுக்கு வரி கேட்டோம், முழுப் பூண்டுக்கு வரி வந்தது. அன்று இதே கூடத்தில் எழுந்த கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. என் அண்ணன் என்னைத் தோளில் தூக்காத குறை. அதோ, மூன்றாவது நாற்காலியில் தலை குனிந்திருக்கிறாரே, அவர்தான்.

வரி வந்தது. விலை வந்ததா? வாசல் அடைபட்டது. வரத்து நின்றதா? எல்லைச் சாவடியில் முழுப் பூண்டு ஏற்றிய லாரி ஒன்றுகூட வரவில்லை என்று அரசு அறிக்கை சொன்னது. அப்படியானால் சந்தையில் நம் சரக்கை ஏன் ஒருவரும் சீண்டவில்லை?

நானே சந்தைக்குப் போனேன். கமிஷன் கடைக்காரர் முன்னால் இருபது மூட்டை. பிரித்துக் காட்டச் சொன்னேன். உள்ளே எல்லாம் உதிர்ந்த பல். தோலோடு, தனித்தனிப் பல்லாக.

"இது எங்கிருந்துண்ணே வருது?" என்றேன்.

"எங்கிருந்து வரும்? முன்ன வந்த எடத்துல இருந்துதான்."

"வரி?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதானேம்மா மனு எழுதின புள்ள? முழுப் பூண்டுன்னு எழுதிருக்க. இது முழுசாவா இருக்கு?"

அவர் கேலி செய்யவில்லை, அவையோரே. கேலி செய்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். உண்மையாகவே எனக்கு விளக்கம் சொல்கிறார். உட்காரச் சொல்லித் தண்ணீரும் கொடுத்தார்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகை. முழுப் பூண்டு அங்கே வருகிறது. ஒரு தட்டு. பல்லாக உதிர்கிறது. மூட்டை கட்டுகிறார்கள். இந்தப் பக்கம் வரும்போது அதன் பெயர் வேறு, பட்டியல் வேறு, வரி இல்லை. வேலி போட்டோம், வழி விட்டோம். கதவைப் பூட்டினோம், சன்னலைத் திறந்து வைத்தோம். திறந்து வைத்தது யார்? அடிக்கோடு போட்ட இந்தக் கை.

யாரங்கே, "உன் மேல தப்பில்லம்மா" என்பது? நன்றி. ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நாம் விடவில்லை. வரியை ஏய்க்கத்தான் பூண்டை உடைக்கிறார்கள், உதிர்த்த பல்லுக்கும் வரியை நீட்டுங்கள் என்று இரண்டாவது மனுப் போட்டோம். போன மாதம் முதல் விசாரணை. நான் போனேன். நீண்ட மேசை, தலைக்கு மேல் சத்தமில்லாத மின்விசிறி, எதிரே இறக்குமதியாளர் தரப்பு வழக்கறிஞர். மிக மரியாதையானவர். என்னை வாங்க போங்க என்றுதான் பேசினார்.

"உங்க வயல்ல ஒரு பூண்டு கீழ விழுந்து உதிர்ந்துபோச்சு. அது பூண்டா, இல்லையா?"

"பூண்டுதான்."

"அத முழுப் பூண்டுன்னு விப்பீங்களா?"

"மாட்டோம்."

"அப்ப நீங்க விக்கிற பொருள் வேற, இவங்க கொண்டு வர்ற பொருள் வேற. அவ்வளவுதாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். பதில் தெரியாமல் உட்காரவில்லை. இரண்டு பதிலும் சரியாக இருந்ததால் உட்கார்ந்தேன். உதிர்ந்த பூண்டு பூண்டுதானே? ஆம். நாம் அதை விற்கிறோமா? இல்லை. அப்படியானால் பூண்டு என்பது என்ன? பிறந்ததிலிருந்து பூண்டு மூட்டைமேல் ஏறி விளையாடியவள் நான். என்னிடம் ஒருவர் அதைக் கேட்கிறார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதிகாரி மட்டும் ஒன்று சொன்னார். இந்தப் பல் தனிச்சரக்காகவே தயாராகிறதா, வரிக்குப் பயந்து அவசரமாக உடைத்ததா என்பதற்குச் சாட்சி இருந்தால் துணை மனுவாக எழுதிக் கொண்டுவாருங்கள் என்றார். அடுத்த விசாரணை வருகிற வியாழக்கிழமை.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். என் அண்ணி யாரென்று பின்வரிசைக்குத் தெரியும். முன்வரிசைக்கும் தெரியும், தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கிறது. சந்தைக்குப் பின்னால் புதிதாக வந்திருக்கும் உரிப்புக் கூடத்தில் வேலை செய்கிறவர். உதிர்ந்த பல்லின் தோலை உரித்து உணவு ஆலைக்கு அனுப்பும் கூடம். அங்கே அறுபது பெண்கள். அந்த அறுபது பேரும் யார்? உங்கள் மனைவி, உங்கள் மகள், உங்கள் தங்கை. நம் பூண்டு விலை போகாததால் அந்தக் கூடத்துக்குப் போனவர்கள். நம் பூண்டை விலை போகாமல் செய்த பூண்டை உரிக்கிறவர்கள். இதை நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. உங்களுக்குச் சுற்றவில்லையா? எங்கள் வீட்டில் அண்ணன் சாப்பிடும்போது அந்தக் கூடத்தைத் திட்டுவார். அண்ணி பரிமாறிக்கொண்டே "இன்னும் கொஞ்சம் போடவா?" என்பார். இரண்டு பேரும் அதற்கு மேல் பேசியதில்லை.

வழக்கறிஞர் கேட்ட கேள்வியைச் சொன்னதும் அண்ணி சிரித்தார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

"ஏ மனுக்காரி, அன்னைக்கே எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்போமே. நடவுக்கு முந்துன வாரம் பூரா உக்காந்து விதைக்குப் பல்லு பல்லா உதிர்க்கிறது யாரு? உங்கண்ணனா? எங்களுக்குப் பூண்டுன்னா பல்லுதான். முழுசா விக்கிறவங்கள மட்டும் கேட்டுட்டு வந்து எழுதினா அப்படித்தான் எழுதுவ."

அவையோரே, நூல் நூலாகப் படித்திருக்கிறேன். சட்டத்தின் உட்பிரிவுகளை மனப்பாடம் செய்திருக்கிறேன். அடுக்களையில் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. விற்பது முழுப் பூண்டு, விதைப்பது பல். விற்கிறவர்கள் முன்வரிசை, விதைக்கு உதிர்க்கிறவர்கள் பின்வரிசை. நான் பேனாவோடு முன்வரிசைக்கு மட்டும் போய்த் திரும்பிவிட்டேன். பல்லும் பூண்டுதான் என்று எல்லைக்கு அப்பால் இருக்கும் வணிகருக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.

அண்ணி எழுந்து போய் அலமாரியில் ஒரு தகர டப்பாவைத் திறந்தார். ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். அதுதான் இது.

தலைவர் அவர்களே, கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். நாற்பது வருடம் பூண்டு பார்த்த கண் உங்களுடையது. மோந்து பாருங்கள், அழுத்திப் பாருங்கள். இது நம்முடையதா, அவர்களுடையதா?

நெடுநேரம் பார்க்கிறார். தலைவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். நான் சொல்லி முடிக்கிறேன்.

உரிப்புக் கூடத்தில் மூட்டையைக் கொட்டினால் அடியில் இப்படி ஒன்றிரண்டு முழுசாகக் கிடக்குமாம். அந்தப் பக்கத்துக் கொட்டகையில் அவசரத்தில் அடிபடாமல் தப்பியவை. கண்ணில் பட்ட உடனே உடைத்துப் போட்டுவிட வேண்டும் என்பது மேற்பார்வையாளர் கட்டளை. அதற்கென்றே ஒரு மரச்சுத்தி உண்டு. அந்தச் சுத்தி இருப்பது என் அண்ணி கையில்.

"நெதம் உடைக்கிறேன். இத மட்டும் ஏன் உடைக்கலன்னு எனக்கே தெரியல. மடியில கட்டி எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார்.

அதிகாரி கேட்ட சாட்சி எது? இதுதான். தனிச்சரக்கு என்கிற மூட்டைக்குள் தப்பிக் கிடந்த முழுப் பூண்டு. ஆனால் பூண்டு பேசுமா? மூட்டையில்தான் கிடந்தது என்று ஒருவர் கையெழுத்திட வேண்டும். அண்ணி இட்டால் வேலை போகும். வரி நீண்டால் கூடமே மூடும், அறுபது பேர் வேலையும் போகும். இடாவிட்டால் இந்த முன்வரிசையில் எத்தனை நிலம் அடுத்த பருவம் கை மாறும் என்பது உங்களுக்கே தெரியும்.

"பின்வரிசைப் பெண்கள் கையெழுத்துப் போடும்படி உருக்கமாகப் பேசு" என்று சொல்லித்தான் என்னை இங்கே ஏற்றியிருக்கிறார்கள். உருக்கமாகப் பேச எனக்கு வரும். ஆனால் வாய் வரவில்லை. ஏனென்றால் நேற்றுக் காலை அண்ணி என்னிடம் இரண்டு சொன்னார். "போட்றதா இருந்தா, நான் உடச்சேன்னு எழுது. யாரோ உடச்சாங்கன்னு எழுதாத." இது ஒன்று. "நாளைக்கு அந்த அறுபது பேரு என் மொகத்தப் பாக்க மாட்டாங்க. அத உன் மனுவுல எந்த எடத்துல எழுதுவ?" இது இரண்டாவது.

எந்த இடத்தில் எழுதுவேன்? மனுவின் படிவத்தில் பதினாறு பகுதிகள். விளைச்சல் உண்டு, வரத்து உண்டு, நட்டம் உண்டு, வரைபடம்கூட உண்டு. இதற்கு இடம் இல்லை. நேற்று முழுவதும் தேடினேன்.

"சங்கமே ஓர் உரிப்புக் கூடம் வைக்கட்டும்" என்று தூணோரம் ஒரு குரல் கேட்கிறது. நல்ல யோசனை, தோழரே. இப்போது எல்லாரும் கை தட்டலாம். சென்ற முறையும் தட்டினோம். கை தட்டியதும் கேள்வி முடிந்தது என்று எழுந்து போனோம். நம் பூண்டை யார் உரிப்பார்கள், எந்த ஆலை வாங்கும், அதுவரை இந்த அறுபது வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவே இந்த மேடைக்கு வந்தேன்.

ஆனால் ஒன்று தெரியும். கலங்கிய என் மூளையில் தெளிந்து நிற்பது அந்த ஒன்றுதான். முதல் மனுவை நாற்பது பேரிடம் கேட்டு எழுதினேன், பாதிப் பூண்டை எழுதினேன். இந்த மனுவை அப்படி எழுத மாட்டேன். இந்த மனுவைப் போடும் தீர்மானத்துக்கு முன்வரிசை கை தூக்கும் முன், பின்வரிசை பேச வேண்டும். அவர்கள் 'வேண்டாம்' என்றால் வேண்டாம் என்பதும் மனுவில் ஏற வேண்டும். உடைத்தவர்கள் யார், ஏன் உடைத்தார்கள், உடைக்க விட்டவர்கள் யார் என்று எல்லாம் ஏற வேண்டும். படிவத்தில் இடம் இல்லையென்றால் பதினேழாம் பகுதி என்று நானே கோடு போட்டுச் சேர்ப்பேன். தள்ளுபடி செய்தால் செய்யட்டும். அரைகுறையாக எழுதி வெல்வதையும் பார்த்துவிட்டோமே! அந்த வெற்றியைத்தானே இரண்டாண்டாக உரித்துக்கொண்டிருக்கிறோம்?

தலைவர் தலையசைக்கிறார். தெரியவில்லை என்கிறார். நம்முடையதா அவர்களுடையதா என்று அவருக்கே தெரியவில்லை. பெரிய மனது ஐயா உங்களுக்கு, ஒலிபெருக்கி முன்னால் ஒப்புக்கொண்டீர்கள். அந்தப் பூண்டை இப்படிக் கொடுங்கள்.

இதை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. சங்கத்திடமும் ஒப்படைக்கப் போவதில்லை. கீழே இறங்கி, நடுவழியாக நடந்து, கடைசி வரிசையில் இதைக் கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பி வைக்கப் போகிறேன். வியாழக்கிழமை அதிகாரியின் மேசையில் வைப்பதா, இன்று மாலை அடுக்களையில் உடைப்பதா என்பதை அவர் சொல்லட்டும். அண்ணா, நீங்கள் அந்த மூன்றாவது நாற்காலியிலிருந்து கொஞ்சம் எழுந்தால் எனக்கு வழி கிடைக்கும். அப்படியே என்னோடு பின்னால் வந்தாலும் நல்லது. பேசாமல் விட்டதைப் பேச அங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது.

குழப்பத்தையும் பொறுமையாகக் கேட்ட அவைக்கும், கடிகாரத்தை ஒருமுறைகூடத் தொடாத தலைவருக்கும், இனிமேல்தான் பேசப்போகிற பின்வரிசைக்கும் என் நன்றி. இதோ, இறங்கி வருகிறேன். வணக்கம்.