கோடு போடாத தட்டு

வேர்க்கடலை வெண்ணெய் பிஸ்கட்டுக்கு மைதாவே வேண்டாம். கடலை வெண்ணெய் ஒரு கோப்பை, சர்க்கரை ஒரு கோப்பை, முட்டை ஒன்று. அவ்வளவுதான். நாற்பது ஆண்டு பேக்கரி நடத்தியவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மருமகனுக்குக் கடலை ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் தொண்டை அடைத்துவிடும். அதனால் கடலை பிஸ்கட்டின் மேல் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு அழுத்துவோம். கோடு இல்லாதது வெறும் வெண்ணெய் பிஸ்கட், அவருக்கு. என் மனைவி உயிரோடு இருந்தபோது ஏற்படுத்தியது. பன்னிரண்டு ஆண்டுகளில் மருமகன் ஒரு முறைகூடக் கேட்டுவிட்டு எடுத்ததில்லை.

சென்ற மாதம் எங்கள் ரொட்டியைத் தின்ற பள்ளிப் பிள்ளைகள் இருபது பேர் படுத்துவிட்டார்கள். மாவில் பூசணம் இருந்தது. சலித்துப் போடச் சொன்னது நான். பழி, அன்று பள்ளிக்குப் பால் ஊற்றிய பால்காரர் மேல் போயிற்று. போகட்டும் என்று இருந்தேன். கடையில் என்னோடு வேலை பார்த்த மருமகனால் இருக்க முடியவில்லை.

"மாமா, அந்த மனுஷன் ஜெயில்ல இருக்காரு. திங்கக்கிழமை நான் போய் உள்ளதைச் சொல்லிடப் போறேன்."

"கடை வாசல்ல எங்கப்பா பேரு இருக்கு, மாப்பிள்ளை."

"அந்தப் பேரு போட்ட ரொட்டியைத் தின்னு எத்தனை பிள்ளைங்க வாந்தி எடுத்தாங்கன்னு நீங்க வந்து பார்க்கலையே."

நல்ல பிள்ளை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான் மாவு பிசைந்தேன். மகள் உருட்டி, முதல் தட்டுக்குக் கோடு போட்டாள். "நீ போய் டீ போடும்மா, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றேன். அன்று வெறும் வெண்ணெய் பிஸ்கட்டுக்கு நான் மாவு பிசையவே இல்லை. இரண்டாம் தட்டும் கடலைதான். முள்கரண்டியைத் தொடவில்லை. மருமகனுக்கு மூன்று நாளாகச் சளி, மூக்கடைப்பு; கடலை வாசனை தெரியாது. அவருடைய அவசர ஊசி இருக்கும் பை கதவுக்குப் பின்னால் தொங்கும். அதை எடுத்துக் காரில் வைத்துப் பூட்டினேன்.

"நீங்க சுட்டா தனி ருசி மாமா" என்று இரண்டு எடுத்தார். நான் கோபத்தில் இருப்பேன் என்று நினைத்திருந்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மகள் பையைத் தேடி ஓடியபோது நான் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். யாருமில்லாமல் போகக் கூடாது அல்லவா.

பால்காரரைப் பற்றி நீங்கள் கேட்காததால் நானும் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்று காலை என் மகள் இதே போலீஸ் ஸ்டேஷனில் உங்களிடம், ஒரு தட்டுக்குக் கோடு போடத் தான் மறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாளாம். அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். நான் வந்தது அதற்காகத்தான்.

கவனக்குறைவு என்ற பேச்சு எங்கள் குடும்பத்தின் மேல் வரக் கூடாது.