வீரபாகுவின் நாய்

முதலில் எல்லோரும் காப்பியைக் குடித்துவிடுங்கள். ஆறிப்போன சுக்குக் காப்பி எந்த விசாரணைக்கும் உதவாது. கருப்பட்டி கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருக்கிறேன். ஜெபமாலை சொன்ன தொண்டைக்கு இதமாக இருக்கும்.

நம் தெருக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடுகிற அன்பியக் கூட்டம் இந்த வாரம் என் வீட்டு முறை. அதனால் கேள்வியையும் இங்கேயே கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறீர்கள். நல்லதுதான். ஆனந்தமேரி ஏன் அப்படிச் செய்தாள் என்று குழாயடியில் பேசுவதைவிட ஆனந்தமேரியிடமே கேட்பது நாகரிகம். காதர் பீவி நம் சபை இல்லை என்றாலும் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். இருக்கட்டும். இதில் அவளுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, அவளுக்குத் தெரியாமலே.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. சுருட்டுக் கம்பெனியில் இலை சுற்றியபடியே பக்கத்தில் இருந்த பெண்களுக்குக் கதை சொல்லிப் பழகியவள். கடலை மடித்த தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். தாள் கிழிந்த இடத்துக்கு மேல் நானே சொல்லிக்கொண்டேன். கேட்கிறவள் கை நின்றுவிட்டால் கதை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மேஸ்திரி வந்து திட்டினால் மிக நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

சகாயசெல்வி என் பக்கத்து அறைக்குக் குடிவந்தது இரண்டாயிரத்து நாலில். ஏன் வந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் புருஷன் பிரிட்டோ சிலம்ப வாத்தியார். தாடிக்கொம்பு சிவபிரகாஷும் சிலம்ப வாத்தியார். திருவிழாப் போட்டியில் சிவபிரகாஷ் தோற்றதை ஒப்புக்கொண்டு கம்பைக் கீழே போட்ட பிறகும் பிரிட்டோ ஓர் அடி போட்டார். மணிக்கட்டு போய்விட்டது. மன்னிப்புக் கேளுங்கள் என்று செல்வி சொன்னாள். வாத்தியார் வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்கமாட்டான் என்று அவர் சொன்னார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள்.

அப்போதுதான் டிவியில் அந்தச் சீரியல் ஆரம்பித்திருந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு. அதிலும் இரண்டு சிலம்ப வாத்தியார்கள்: நல்லவர் தங்கையா, கெட்டவன் வீரபாகு. செல்வி பகல் ஷிப்டு. விடியும்போதே மில் வேன் வந்துவிடும். பார்க்க முடியாது. சாயங்காலம் வந்து தட்டை வைத்துக்கொண்டு உட்காருவாள்.

"அத்தை, இன்னிக்கு அந்தக் கடங்காரன் என்ன செஞ்சான்?"

நான் சொல்வேன். அவள் கை சோற்றிலேயே நின்றுவிடும். என்னிடம் கேட்டதை மறுநாள் வேனில் அவள் சொல்வாள். மில்லில் ஒரு ஷிப்டே என் வாயால்தான் அந்தச் சீரியலைப் பார்த்தது. சுருட்டுக் கம்பெனி மூடிய பிறகு எனக்கு இப்படி ஒரு சபை வாய்த்ததில்லை.

ஒருநாள் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அந்த வீரபாகு என்னிக்குத் திருந்துறானோ, அன்னிக்கு எங்க வீட்டு வாத்தியாரும் திருந்துவாரு அத்தை. அப்பப் போறேன் அவர்கிட்ட."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் பெண்கள் விளையாட்டாகச் சொல்வதைத்தான் கடைசியில் செய்வார்கள்.

கஷ்டம் என்னவென்றால், வீரபாகு திருந்த ஆரம்பித்துவிட்டான். எழுதினவனைக் குறை சொல்லமாட்டேன், நன்றாகவே எழுதியிருந்தான். கெட்டவன் ஒரே நாளில் திருந்தினால் அது கதை இல்லை, விளம்பரம். இவனோ சிறுகச் சிறுகத் திருந்தினான். முதலில் வெயிலில் கிடந்த ஒரு தெருநாய்க்குச் சிரட்டையில் தண்ணீர் வைத்தான். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு வைத்தான். அந்த இடத்தில் எனக்கே கண் கலங்கியது.

சாயங்காலம் செல்வி வந்தாள். தண்ணீர் வைத்தான் என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அந்த மலர்ச்சி என்னைப் பார்த்து இல்லை, புருஷன் வீடு இருக்கிற நாகல் நகர் பக்கம் பார்த்து. அதனால் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் விஷம் கலந்தேன். கதையில்தான். நாய் செத்துப்போனது. செல்வி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய் வெஞ்சனம் வைத்து நான்தான் தேற்றினேன்.

அதன் பிறகு சுலபமாகிவிட்டது. வீரபாகு தங்கையாவின் மகளுக்குக் கம்பு பிடிக்கும் முறையைத் திருத்திக் கொடுத்தான். நான் அதைத் தப்பான முறையாக்கினேன். அம்மாவின் காலில் விழுந்தான். கொலுசைக் கழற்றத்தான் குனிந்தான் என்றேன். டிவியில் அவன் எவ்வளவு உயர்ந்தானோ, என் அடுப்படியில் அவ்வளவு தாழ்ந்தான். இரண்டையும் சேர்ந்தாற்போல் நடத்துவது லேசான வேலை இல்லை.

இடைஞ்சல்கள் வந்தன. ஒருநாள் குழாயடியில் காதர் பீவி, "வீரபாகு நல்லவனாயிட்டான்லடி" என்று செல்வியிடம் சொல்லிவிட்டாள்.

"அது கனவு சீன், பீவி" என்றேன்.

அவள் குடத்தை இடுப்பில் வைத்தபடி யோசித்தாள். "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்ல."

செல்வி உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருந்த நாட்களில் தெரு முழுக்கக் கேபிள் தெரியவில்லை, ஞாபகம் இருக்கிறதா? தெருவுக்கு லைன் பிரிகிற பெட்டி என் மொட்டை மாடியில்தான் இருக்கிறது. வடாம் காயப்போடப் போகும்போது ஒரு திருகு. அவ்வளவுதான். கேபிள்கார ஜெரோமை எல்லோரும் ஏசினீர்கள். பாவம், கம்பம் கம்பமாக ஏறிப் பார்த்தான். ஒருமுறை விழுந்து தோள்பட்டை பிசகிவிட்டது. அதற்கு நல்லெண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுத்தது யார்? நான்தான்.

கடைசியில் வீரபாகு தங்கையாவின் வாசலுக்குப் போய், ஊர் பார்க்கத் தன் கம்பை அவர் காலடியில் வைத்தான். கம்பு வாத்தியார் இன்னொருவர் காலடியில் கம்பை வைத்தால் அதற்கு மேல் மன்னிப்பு கிடையாது. திண்டுக்கல்லே அழுதது. அன்று சாயங்காலம் நான் செல்வியிடம், "வச்சான். தங்கையா எடுக்கக் குனிஞ்சாரு. அந்தக் கம்பாலேயே முழங்காலை ஒடச்சிட்டான்" என்றேன். அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். அதைவிடச் சிறந்த முடிவு நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. பிரிட்டோவும் அந்தச் சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், அவர் இந்த வாசலில் வந்து நின்றார். கையில் கம்பு இல்லை. கம்பு இல்லாமல் அவரைப் பார்த்தால் என்னவோ போல் இருந்தது.

"செல்வி, தாடிக்கொம்பு போயிட்டு வாரேன். சிவபிரகாஷ் காலடியில கம்பை வச்சிட்டேன்" என்றார்.

செல்வி வெளுத்துப்போனாள். "வச்சுட்டு? அவரோட எந்தக் காலை ஒடச்சீங்க?"

அவருக்குப் புரியவில்லை. "என்ன செல்வி சொல்ற?"

"எனக்கு எல்லாம் தெரியும். போயிருங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அவருக்கு ஒரு காப்பி கொடுத்தேன். மரியாதையான மனிதர், குடித்துவிட்டு தம்ளரைக் கழுவி வைத்தார். "குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல வேலைக்குக் கூப்பிடுறாங்க அத்தை. போறேன். அவளைப் பாத்துக்கங்க" என்றார். பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைத்தான் இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.

மறுநாள் மில்லில் மிஷின் ரிப்பேர், செல்வி வீட்டில் இருந்தாள். மாடிக்குப் போய் வந்து உட்கார்கிறேன், சிவபிரகாஷ் வந்துவிட்டார். இரண்டு காலும் நேராகத்தான் இருந்தன. காதர் பீவியும் பின்னாலேயே வந்தாள்.

"என்ன தங்கச்சி, அவரைத் துரத்திட்டியாமே?" என்றார். "சீரியல்ல வர்ற மாதிரியே வச்சாரு. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. சிரிச்சுக்கிட்டே அழுதுட்டேன்."

"அதே மாதிரின்னா, முழங்காலை ஒடச்சிருப்பாருல்ல?"

"யாரு ஒடச்சா? தங்கையாவும் வீரபாகுவும் ஒரே தட்டுல பணியாரம்ல தின்னாங்க."

"அப்ப அது கனவு இல்லையா?" என்றாள் காதர் பீவி.

செல்வி என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த நாயி, அத்தை?"

"இருக்கு" என்றேன். "குட்டி போட்டிருக்கு."

அப்போதுதான் அழுதாள். சாயங்காலத்துக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிவபிரகாஷின் ஸ்கூட்டரில் ஏறிப் போய், பஸ் ஸ்டாண்டில் புருஷனைப் பிடித்துவிட்டாள். இருவரும் நாகல் நகரில் சேர்ந்து இருக்கிறார்கள். இதுதான் நடந்தது.

ஏன் செய்தாய் என்கிறீர்கள். அவள் நல்லதுக்குத்தான். திருந்தினவனோடு வாழப் போகிறவள் அவன் திருந்தாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதை நான் கதையாகவே காட்டிவிட்டேன். பிரிட்டோ அவ்வளவு தூரம் இறங்கி வந்ததற்கும் நான்தானே காரணம்? அவள் முதல் நாளே போயிருந்தால் அவர் கம்பை வைத்திருப்பாரா? யோசித்துப் பாருங்கள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றீர்கள். கேட்டாகிவிட்டது. முந்தாநாள் அதிரசம் சுட்டு எடுத்துக்கொண்டு நாகல் நகர் போனேன். "வச்சிட்டுப் போங்க" என்றாள். வைத்தேன். வீடு லட்சணமாக இருக்கிறது. பிரிட்டோ புது டிவி வாங்கியிருக்கிறார். அவளும் இப்போது இரவு ஷிப்டுக்கு மாறிவிட்டாள்; மத்தியானம் வீட்டில்தான் இருப்பாள். திங்கட்கிழமை புதுச் சீரியல் தொடங்கியிருக்கிறது, இரண்டு கராத்தே மாஸ்டர்கள். நல்ல கதை போலத்தான் தெரிகிறது.

முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து அந்தத் தெருவில் கேபிள் வரவில்லையாம். மழையாக இருக்கும் என்கிறான் ஜெரோம். திண்டுக்கல்லில் எங்கே மழை? அவர்கள் வீட்டு மொட்டை மாடியிலும் நம் வீடு மாதிரியே ஒரு பெட்டி இருக்கிறது; படி மட்டும் கொஞ்சம் செங்குத்து.

காப்பியைக் குடித்தாயிற்றா? தம்ளர்களை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்புங்கள், கண்ணுகளா. செல்வி கதை கேட்க வந்தாலும் வருவாள். அந்தச் சின்ன மாஸ்டர் நல்லவன் மாதிரிதான் தெரிகிறான். அவனை என்ன செய்வதென்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.