இரண்டு பவுணுக்கு மேல் இல்லை

சனிக்கிழமைகளில் உதைபந்தாட்டத்துக்கு இரண்டு பவுண் பந்தயம் கட்டுவேன். அதற்கு மேல் ஒருநாளும் கட்டியதில்லை. கிழமை முழுக்க மாய்ந்து வேலை செய்கிறவனுக்கு ஏதோ ஒரு பொழுதுபோக்கு வேண்டும். அளவோடு இருந்தால் அதில் கெடுதல் இல்லை. றஜீவனுக்கும் இதைத்தான் சொன்னேன்.

அவருடைய போனிலிருந்து கடைசியாகப் போன அழைப்புகள் எல்லாம் என் எண்ணுக்கு என்கிறீர்கள். உண்மைதான் ஐயா. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன். நாற்பது வயதில் பழகிய எழுத்து, கோணலாக இருக்கும். பழக்கியவள் என் மனைவி யசோதினி. சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு, பால் போத்தலில் உள்ளதைக்கூட வாசிக்கச் சொல்லுவாள். தமிழும் இங்கிலீசும் அப்படித்தான் வந்தன.

நான் கோழி இறைச்சிக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறவன். றஜீவன் அங்கே சூப்பர்வைசர். வேலை நேரத்தில் எங்கள் போன்கள் லொக்கருக்குள் இருக்கும். அவசரம் என்றால் வெளியிலிருந்து அவருடைய போனுக்குத்தான் அழைப்பு எடுக்க வேண்டும். யசோதினிக்கு நெஞ்சுவலி வந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்கு எடுத்தார்கள். அவர் அப்போது ஒரு மட்ச்சில் பெருந்தொகை கட்டிவிட்டு அதே போனில் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பாதி முழுவதும் முடிந்த பிறகுதான் என்னிடம் வந்து சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் முகத்தை மூடியிருந்தார்கள். கொஞ்சம் முன்புவரை உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்றாள் தாதி.

இதை எனக்குச் சொன்னது றஜீவனேதான். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"சூசை அண்ணை, மட்ச் முடியட்டும் எண்டு விட்டிட்டன். என்னை நீங்கள் அடிச்சாலும் சரி."

நான் அடிக்கவில்லை. தோளில் தட்டி, "போகட்டும் தம்பி" என்றேன். அவர் அதை நம்பினார். அதன்பின் பந்தயத்தை அடியோடு விட்டார். எந்தக் கடையும் எந்த இணையத்தளமும் தன்னைச் சேர்க்காதபடி தானே தன் பெயரைக் கொடுத்துத் தடை போட்டுக்கொண்டார். ஒன்றரை வருடம் அப்படி இருந்தார். முகம் தெளிந்தது, சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க ஏலவில்லை.

குட்மேய்ஸில் உள்ள அவருடைய வீட்டுக்குச் சனிக்கிழமைகளில் போகத் தொடங்கினேன். அவருடைய மனைவி சிவகௌரி மீன்குழம்பு ஆக்கி வைப்பா. "அண்ணை வந்தாத்தான் இந்த மனுசன் வாய் திறக்குது. இல்லாட்டி சுவரோடதான் கதை" என்று பகிடி விடுவா. மட்ச் பார்க்கும்போது என் இரண்டு பவுணைக் கட்டுவேன். அவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என் போனை நீட்டினேன்.

"ஐயோ அண்ணை, வேண்டாம். எனக்குத் தடை."

"தடை உன்ர பேருக்கு. இது என்ர பேர். ரெண்டே ரெண்டு பவுண். பிழை பந்தயத்தில இல்லை ராசா, அளவு தெரியாததிலதான்."

அவர் போனை வாங்கிக் கட்டினார். அன்று அவர் வென்றார்.

பந்தயக் கடைச் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். யசோதினி போன பிறகு நான் தனியாக எழுத்துக் கூட்டி வாசித்து முடித்த முதல் விஷயம் அது. கவலையாக இருக்கும்போது விளையாடாதே என்றிருந்தது. ஆகவே, அவருக்கும் மனைவிக்கும் சண்டை என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே போனேன். வீட்டாருக்கு மறைக்காதே என்றிருந்தது. "கௌரிக்குச் சொல்லாதை, வீணாப் பயப்பிடுவா" என்றேன். போனதைத் துரத்தாதே என்று தடித்த எழுத்தில் இருந்தது. "இவ்வளவும் விட்டிட்டு இப்ப நிப்பாட்டினா விசரன் எண்டெல்லோ சொல்லுவினம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவருக்கென்று வேறொரு தளத்தில் என் பெயரில் இன்னொரு பந்தயக் கணக்கும் திறந்து கொடுத்தேன். என்னுடைய கணக்கில் எப்போதும்போல இரண்டு பவுண்தான்.

வீடு போனது. சிவகௌரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹரோவில் உள்ள தாய் வீட்டுக்குப் போய்விட்டா. போகும்போதும் என்னிடம்தான், "அண்ணை, இவரைத் தனிய விட்டிடாதேங்கோ" என்றா. நான் தலையாட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை றஜீவன் எனக்குப் போன் எடுத்தபோது இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது.

"அண்ணை, ஒருக்கா வாங்கோ. இப்பவே வாங்கோ. எனக்கு என்னை நினைக்கவே பயமாக் கிடக்கு."

"மட்ச் முடியட்டும் தம்பி" என்றேன்.

 "ஓம் அண்ணை" என்றார். விளங்கிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். மறுபடி மறுபடி மணி அடித்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். அவர் என்ன செய்யப் போகிறார் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். தெரிந்துதான் வைத்தேன். மட்ச் முடிந்ததும் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனேன். அவர் தனியே தங்கியிருந்த அறையின் கதவை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

அன்று என் இரண்டு பவுணும் போனது. அதை மீட்கிறேன் என்று நான் இன்னொன்று கட்டவில்லை. போனதைத் துரத்தும் பழக்கம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை ஐயா.