சோப்புத் தண்ணியில் வெந்த ஏர் ஃபில்டர்

ஆரணியிலிருந்து போளூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். சொந்தமாகப் பட்டுத்தறி வைத்திருப்பவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. அந்த அம்மாள் சொன்ன ஒரு வார்த்தையில் நான் கைப்பேசியை மூடிவிட்டேன்.

“கார் ஏர் ஃபில்டர கயட்டி, பட்டு நூலாட்டம் சோப்புத் தண்ணியில வேவ வெச்ச ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்.”

“அழுக்கு போவணும்னா வேவ வெக்கணும். நூலுக்கு அதத்தானே பண்றோம்?”

“அது பேப்பருங்க. கொழகொழன்னு ஆனப்புறமும் நெழல்ல காய வெச்சிகினு இருந்தீங்களே.”

“வெயில்ல வெச்சா பாழாயிடும்னு நெனச்சேன்.”

“புது ஃபில்டர் நாளைக்குத்தான் வருமாம். ஷோரூம்ல சர்வீசுக்கு விட்டிருந்தா ஜல்தியா முடிச்சிருப்பாங்க. இன்னிக்கு நிச்சயதார்த்தத்துக்குக் கார்லயே போயிருக்கலாம்.”

அந்த அம்மாள் அதோடு விடவில்லை.

“நம்ம வூட்டுக்குச் சேல எடுக்க வர்றவங்க, ‘உனக்கு எதுக்குக் கூலி, நானே நெய்துக்கறேன்’னு தறியில எறங்கினா விடுவீங்களா?”



“விட மாட்டேன். ஆனா நெய்யறதப் பாக்கணும்னா, தறி பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்கார வெப்பேன். ஷோரூம்ல போன தடவ என் கார உள்ள ஓட்டிகினு போயிட்டு, என்னக் கண்ணாடிக்கு இந்தாண்ட உக்கார வெச்சி டீ குடுத்தாங்க.”

“கேக்கறதுதானே, என்ன பண்றீங்கன்னு?”

“கேட்டேன். இன்னொரு டீ குடுத்தாங்க.”