வாலை வெட்டினாலும் சாகாத எண்

தாம்பரத்தில் புறப்பட்ட மீட்டர்கேஜ் மின்ரயிலின் பெண்கள் பெட்டியில், கணக்கு டீச்சர் ஒருவர் தோழியிடம் தாளொன்றை நீட்டினார். அதில் 73939133 என்று எழுதியிருந்தது.

“மே லீவு முழுக்க வகுத்துப் பார்த்தேன். ஒண்ணையும் அதையும் விட்டா, வேற எந்த எண்ணாலயும் மீதியில்லாம வகுபடலை. கடைசி இலக்கத்தை வெட்டினேன், மிச்சமும் வகுபடலை. வெட்டிக்கிட்டே வந்தேன். எழுபத்துமூணு, அப்புறம் வெறும் ஏழு. ஒண்ணுகூட சாகலை.”

எதிரே காலிக் கூடையோடு இருந்த மீன்கார அம்மா குனிந்து பார்த்தார். “வால்லேந்து துண்டு போட்டுகினே வந்தியா? அப்பவும் உசுரு கீதா?”

“தலை மட்டும் மிஞ்சினப்பவும் இருக்கும்மா.”

“இன்னும் நீளுமா?”

“நீளாது. பின்னால எந்த இலக்கத்தை ஒட்டினாலும் வகுபட்டுடுது.”

“எத்தினியோ மீன அறுத்துகீறேன், இப்டி ஒண்ண பாத்ததில்ல” என்றார்.

கிண்டியில் கூடையைத் தூக்கியவர், அந்தத் தாளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கினார்.