பனாகோஸுக்கு வைத்த ஒப்பாரி

மாலை ஏழு மணி இருக்கும். கிரீஸ் நாட்டு மானிக் கடலோரத்து மலைப்பாதை... ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், ஈ காக்கை கிடையாது. அதில் தனியாக நடந்து வந்தாள் ஸ்டமாத்தா. என் நண்பன் லியாகோஸின் பெரியம்மா. அவன் இன்றைக்கு இங்கே இல்லை, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூட முற்றத்தில் அன்று ஊரே கூடி, பழங்காலத்துச் சோக நாடகம் ஒன்றை வாசிக்கிறது. நடிப்பு கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து அவரவர் பங்கைத் தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். மகனைப் பறிகொடுத்த ராணியின் பங்கு ஸ்டமாத்தாவுக்கு.

யாருக்கும் அது பிடிக்கவில்லை. அவள் மகன் பனாகோஸ் வேலை பார்த்த சரக்குக் கப்பல் புயலில் மூழ்கி, ஒரு தகவலும் இல்லை. அழுது தீர்த்துவிடு என்று ஊர் சொன்னது. அவள் மறுத்தாள். எங்கள் ஊரில் பெயர் சொல்லி ஒப்பாரி வைத்துவிட்டால் அந்த ஆள் செத்தவன்தான். உயிரோடு இருப்பவனுக்கு வைத்தால்... வைப்பதில்லை, அவ்வளவுதான்.

"வேணாம்னா விட்டுடுங்கக்கா, நான் வாசிச்சுக்கறேன்" என்றாள் வாசோ டீச்சர்.

"ஏன்டி, தாள்ல இருக்கிற ராணி பிள்ளைக்குத்தானே அழப்போறேன்? என் பிள்ளை நல்லாத்தான் இருக்கான். போய் உன் இடத்துல உட்காரு."

நன்றாகத்தான் ஆரம்பித்தாள். கடல் காற்றில் தாள் படபடத்தது. கொஞ்ச நேரத்தில் தாளைப் பார்ப்பதை விட்டாள்... தலைத்துணியை அவிழ்த்தாள். அது வாசிப்பே இல்லை, நிஜ ஒப்பாரி. இளவரசனின் பெயர் வர வேண்டிய இடத்தில், "பனாகோஸ்... என் கண்ணே..." என்று வந்துவிட்டது.

எங்களில் சிலர் எழுந்தே விட்டோம்.

ஒப்பாரியை முடிப்பவள் பக்கத்துப் பெண்ணின் கையைத் தொடுவாள். அவள் அடுத்ததை எடுப்பாள். அந்தப் பழக்கத்தில் ஸ்டமாத்தாவும் கையை நீட்டினாள். பக்கத்தில் இருந்ததோ, செத்த இளவரசனுக்காக டீச்சர் போட்டிருந்த காலி நாற்காலி.

நீட்டிய கை அப்படியே நின்றது. யாரோ இறுக்கிப் பிடித்தது போல விரல்கள் வெளுத்தன. குப்பென்று டீசல் வாடை. சொட்... சொட்... நாற்காலிக்கு அடியில் தண்ணீர்.

"என் பிள்ளை இல்லடி இது" என்றாள் மெல்ல. "கை பெருசா இருக்கு."

அடுத்த வாரமே பனாகோஸ் உயிரோடு வந்து இறங்கினான். ஊரே ஆட்டம் போட்டது. அவன் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் கேட்டான். லியாகோஸும் பக்கத்தில்தான் இருந்தான்.

"ஏம்மா என்னைக் கூப்பிட்டே? மிதவைல நாங்க ரெண்டே பேர். மத்தவன் அனாதைப் பய, செத்தா அழக்கூட ஆளில்ல. உன் குரல் கேட்டு நான் குதிக்கப் போனேம்மா. அவன் என்னைப் பிடிச்சு உட்கார வெச்சுட்டு, 'நீ இரு, நான் போறேன்'னு கடல்ல இறங்கிட்டான்."

ஸ்டமாத்தா ரொட்டியைப் பிய்த்து மகன் தட்டில் வைத்தாள். பிறகு உள்ளறைக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவாப் பேசுடா. அந்தப் பிள்ளை இப்பத்தான் உன் கட்டில்ல தூங்கினான். நீ இன்னைக்குக் கீழ படுத்துக்கோ."