'இல்லை' என்றவரிடம் மறுபடியும் கேட்டவர்

பனி சூழ்ந்த பாமீர் வீடுகளின் பதில்களைப் பத்தொன்பது ஆண்டுகள் படித்தறிந்த பண்பாளரே! எங்கள் மோபேகிம் அக்கா! கோரோக் பனிக்கால மீட்பு நிலையத்துத் தோழர்கள், தலை நிமிர்த்த முடியாமல் நின்று, பணி ஓய்வு பெறும் தங்களுக்கு விடைகொடுக்கிறோம்.

பனிச்சரிவு சாலையை மூடியதும் 'உதவி வேண்டுமா?' என்று ஒவ்வொரு வீட்டுக் கைபேசிக்கும் நம் கணினி குறுஞ்செய்தி அனுப்பும். தாஜிக், ஷுக்னி, வாகி, கிர்கிஸ், ருஷ்யம் என எம்மொழியில் பதில் வந்தாலும் அது சம்மதமா மறுப்பா என்று கணினி அறிய வேண்டும். அதற்கான சொற்களைச் சந்தையிலும் பேருந்திலும் கல்யாண வீட்டிலும் காதுகொடுத்துக் கேட்டுச் சேர்த்தவர் தாங்கள்.

அந்தச் சொற்பட்டியல் ஒருநாளும் பிழை செய்ததில்லை. அந்தக் குளிர்காலத்திலும் செய்யவில்லை. பார்தாங் பள்ளத்தாக்கில் ஆசிரியர் ஓஃப்தோப்ஷோ தம் மொழியில் 'இல்லை' என்று அனுப்பினார். கணினி அதைச் சரியாகவே புரிந்துகொண்டு, அவர் வீட்டை மீட்புப் பட்டியலிலிருந்து நீக்கியது. காய்ச்சலில் கிடந்த அவர் மனைவி நான்காம் நாள் இறந்தார்.

துக்கம் கேட்கப் போன தங்களிடம் அவர் சொன்னார்: "எடுத்த எடுப்புல வேணும்னு யாரு தங்கச்சி சொல்லுவா? இன்னொரு தடவ கேப்பீங்கன்னு போனையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

நிலையத்துக்குத் திரும்பி வந்த தாங்கள் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "டீ வேணுமான்னா ரெண்டு தடவ வேணாம்னு சொல்லிட்டு, மூணாவது தடவ அஞ்சு கோப்பை குடிக்கிறவன்தானேடா நீ, குர்போன்பெக்? டீக்கே மூணு தடவ கேக்கணும்னா உசுருக்கு?" என்றீர்கள். நம் தோழர் குர்போன்பெக் சிரிக்கப் பார்த்தார். தங்கள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

அன்று முதல், மறுத்தவரிடம் நம் கணினி மும்முறை கேட்டது. பதினொரு குளிர்காலங்கள்! மூன்றாம் முறை 'ஆம்' என்ற வீடுகள் இருநூற்றுக்கும் மேல்.

வரும் குளிருக்குப் புதிய மென்பொருள் வருகிறது. அது ஒரே ஒருமுறைதான் கேட்கும். "நான் போயிடுவேன். நீங்களாவது வாயத் திறங்கப்பா" என்று மேலதிகாரிகள் கூட்டத்தில் தாங்கள் கெஞ்சியபோது நாங்கள் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாராட்டு மடலில் எழுதக் கூடாததுதான் இது. எழுதாவிட்டால் இம்மடல் பொய்.

பிறகு அந்த அதிகாரிகளிடம் போய்க் கேட்டோம், அக்கா. மென்பொருளை மாற்றக் காலம் கடந்துவிட்டது என்றார்கள். ஆகவே இரண்டாம் கேள்வியையும் மூன்றாம் கேள்வியையும் எங்கள் சொந்தக் கைபேசிகளில் நாங்களே கேட்பதென்று பள்ளத்தாக்குகளைப் பங்கிட்டுக்கொண்டோம். பார்தாங்கின் எண்களைக் குர்போன்பெக் தம் கைப்படவே எழுதி எடுத்துக்கொண்டார். எல்லா வீடுகளையும் எட்டிவிடுவோமா, தெரியவில்லை. நாங்கள் ஆறு பேர்.

நோயின்றி, நோவின்றி நூறாண்டு வாழ்க, எங்கள் நெஞ்சம் நிறைந்த அக்கா! முதல் பனி விழும் இரவில் தாங்கள் நிம்மதியாக உறங்க வேண்டும். அதைவிடப் பெரிய வாழ்த்து எங்களிடம் இல்லை.

கண்ணீருடன் கையொப்பமிடும்
நிலையத்துத் தோழர்கள் அறுவர்